பெயரும் விளியும்

சித்தூர்ச் சீமையில் ஒருவருடைய பெயருக்கு முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்தைக் கண்டு அவருடைய தகப்பனாரின் பெயரை ஊகிக்க முற்படுவது தமிழர்களாகிய நமக்கு இயல்பே ஆயினும், அந்த ஊகம் அங்கே அடிக்கடி பொய்த்துவிடும். ஒரே தெருவில், அடுத்தடுத்த வீடுகளில், ஒரே எழுத்தை முன்னெழுத்தாக உடைய ஒரு சீனிவாசனும் ஒரு சீனிவாசுலுவும் குடியிருக்கலாம். முன்னவர் வீட்டில் தமிழும் பின்னவர் வீட்டில் தெலுங்கும் வழங்கலாம். கடைத்தெருவுக்கு வந்துவிட்டால் இருவரும் இரண்டு பாஷைகளையும் தடையின்றிப் பேசுகிறவர்களாக இருக்கலாம். ஆனால் சீனிவாசனின் எழுத்து அவரைப் பெற்றவரைச் சுட்டுகிறது. சீனிவாசுலுவின் எழுத்தோ, பல தலைமுறைகளாக அந்தக் குடும்பம் கைவிடாமல் காத்துவருகிற 'இண்டி பேரு' என்னும் வீட்டுப்பெயரைச் சுட்டுகிறது. நீ யாருடைய பிள்ளை என்பது ஒரு கேள்வி. நீ எந்த வீட்டைச் சேர்ந்தவன் என்பது வேறொரு கேள்வி. இரண்டு கேள்விகளுக்கும் ஒரே எழுத்தே விடையாக நிற்பதனால்தான் இந்த மயக்கம்.

இதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று அந்தச் சீமையிலேயே கிடைக்கிறது. 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி திருத்தணியில் பிறந்து, திருப்பதியிலும் வேலூரிலும் படித்து, சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் தத்துவம் பயின்று, பிற்காலத்தில் பாரதத்தின் ராஷ்டிரபதியாக அமர்ந்த எஸ். ராதாகிருஷ்ணனை அறியாத பள்ளிப் பிள்ளைகள் இல்லை. அவருடைய தகப்பனார் பெயர் வீராசாமி. ஆகவே தமிழ்ச் சம்பிரதாயப்படி அவர் வீ. ராதாகிருஷ்ணனாக இருந்திருக்க வேண்டும். 'எஸ்' என்பதோ சர்வேபள்ளி. அது நெல்லூர் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு கிராமம். முன்னோர்கள் எப்போதோ விட்டுவந்த கிராமத்தின் பெயர், அவர்கள் சென்ற இடமெல்லாம் கூடவே வந்து, திருத்தணியில் பிறந்த குழந்தையின் பெயருக்கு முன்னாலும் அமர்ந்துகொண்டது. அவருடைய புதல்வரும் சரித்திர ஆசிரியருமான கோபாலும் 'எஸ். கோபால்' என்றே கையெழுத்திட்டார். தந்தைக்கும் மகனுக்கும் ஒரே முன்னெழுத்து இருக்கக் கண்டு தமிழ் வாசகன் சிறிது திகைக்கிறான். அது மாறியிருந்தால் தெலுங்கு வாசகன் திகைத்திருப்பான்.

இந்த இரண்டு சம்பிரதாயங்களும் காலத்தை இருவேறு விதமாக நினைவில் வைக்கின்றன. தெலுங்கர் வீட்டுப்பெயர் ஆணிவேரைப் போன்றது. மேலே எத்தனை கிளைகள் மாறினாலும் கீழே அது மாறுவதில்லை. தமிழ் முன்னெழுத்து ஒரு தலைமுறையோடு தீர்ந்துபோகிறது என்பது உண்மையே. எனினும் அதனால் தமிழன் பாட்டனை மறந்துவிட்டான் என்று கருதுவதற்கில்லை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுகிற வழக்கம் உள்ள குடும்பங்களில், சு. கந்தசாமியின் மகன் க. சுப்பிரமணியன் என்றும், அவர் மகன் மறுபடியும் சு. கந்தசாமி என்றும், முன்னெழுத்தும் பெயரும் தலைமுறைதோறும் இடம் மாற்றிக்கொண்டே போகும். பேரனைப் பேரன் என்றதே பெயரைத் தாங்குகிறவன் என்னும் காரணம் பற்றித்தானே! தகப்பனை எழுத்திலும் பாட்டனைப் பெயரிலும் வைத்துக்கொண்டு, அதற்கு அப்பால் செல்ல வேண்டிய அவசியம் இல்லையென்று தமிழ் முறை நின்றுவிடுகிறது. எவ்வளவு தூரமாயினும் ஊர்வரையில் சென்றே தீருவது என்று தெலுங்கு முறை பிடிவாதம் பிடிக்கிறது. பெண்களின் விஷயத்தில் மட்டும் இரண்டு முறைகளும் ஒன்றுபட்டு, அவளைப் பழைய இடத்தினின்றும் பெயர்த்துவிடுகின்றன. விவாகம் ஆனதும் தெலுங்குப் பெண்ணுக்குப் புக்ககத்து வீட்டுப்பெயரும் தமிழ்ப் பெண்ணுக்குக் கணவனுடைய எழுத்தும் வந்து சேருவதே பெருவழக்காக இருந்து வந்திருக்கிறது.

சித்தூரை அடுத்த கட்டமஞ்சியில் 1880இல் பிறந்து, 1926இல் ஆந்திர சர்வகலாசாலையின் முதல் துணைவேந்தராகப் பதவியேற்ற கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டியின் பெயர் இன்னொரு விசித்திரத்தைக் காட்டுகிறது. அவரைக் கல்வியுலகம் 'சி.ஆர். ரெட்டி' என்றே அறியும். கட்டமஞ்சி என்னும் ஊர் ஓர் எழுத்தாயிற்று. ராமலிங்கம் என்று தாய்தந்தையர் ஆசையாக இட்ட பெயரும் ஓர் எழுத்தாயிற்று. பிறந்த ஜாதி மாத்திரம் குறைவுபடாமல் முழுச்சொல்லாக நின்றது. நமது பக்கத்தில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு ஜாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்க வேண்டுமென்று தீர்மானித்ததும், அதனைத் தொடர்ந்து இரண்டொரு தலைமுறைக்குள் தமிழ்நாட்டில் முதலியார், பிள்ளை, நாயுடு, ரெட்டியார் முதலிய வால்கள் பெரும்பாலும் உதிர்ந்துபோனதும் சமீப காலத்துச் சரித்திரம். வால் போனபிறகு தமிழனிடம் மிஞ்சியது தன் பெயரும் தகப்பனாரின் ஓர் எழுத்துமே. வேலூர்ச் சாலையில் எல்லைச்சாவடியைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றாலே, கடைப் பலகைகளிலும் தேர்தல் சுவரொட்டிகளிலும் ரெட்டிகளும் நாயுடுகளும் செட்டிகளும் முழுமையாக எழுதப்பட்டிருக்கக் காணலாம். இதனால் ஜாதி ஒரு பக்கத்தில் ஒழிந்தது, மறுபக்கத்தில் வாழ்கிறது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பெயர் எதனைச் சொல்ல வேண்டும், எதனைச் சொல்லாமல் விட வேண்டும் என்பதில் இரண்டு சமூகங்களும் வெவ்வேறு முடிவுகளுக்கு வந்தன என்பதே அதிலிருந்து பெறக்கூடியது.

அதே 1929ஆம் ஆண்டில், ஹாலந்து தேசத்து ஓம்மன் நகரில், இந்தச் சீமையில் பிறந்த ஒருவர் தம்மீது சுமத்தப்பட்ட மகத்தான பட்டம் ஒன்றை உதறித் தள்ளினார். அந்நாளில் கடப்பை ஜில்லாவில் இருந்து, 1911இல் சித்தூர் ஜில்லா உண்டானபோது அதனுடன் சேர்க்கப்பட்ட மதனப்பள்ளியில், 1895இல், ஜிட்டு நாராயணய்யாவுக்கு எட்டாவது குழந்தையாகப் பிறந்தவர் அவர். தேவகியின் எட்டாவது குழந்தையை நினைந்து கிருஷ்ணமூர்த்தி என்று பெயரிட்டார்கள். ஜிட்டு என்பது வீட்டுப்பெயர். தியாசபிகல் சங்கத்தார் அடையாற்றில் அந்தப் பிள்ளையைக் கண்டெடுத்து, வரப்போகும் ஜகத்குரு அவரே என்று நிச்சயித்து, 'அல்கியோன்' என்று தங்களுக்கு உகந்த ஒரு கிரேக்கப் பெயரையும் சூட்டினர். மேனாட்டார், முதலில் வருவது தன் பெயர், பின்னால் வருவது குலப்பெயர் என்னும் தங்கள் பழக்கத்தையொட்டி, 'ஜிட்டு' என்பதை அவருடைய சொந்தப் பெயராகவும் 'கிருஷ்ணமூர்த்தி' என்பதை வமிசப் பெயராகவும் கொண்டனர். அதனால் தாயார் தொட்டிலில் இட்டு அழைத்த பெயரே அங்கே குலப்பெயரின் ஸ்தானத்தில் போய் அமர்ந்தது. அவரோ அதனைத் திருத்தப் புறப்படவில்லை. பிற்காலத்துப் பிரசங்கங்களில் 'நான்' என்று சொல்லக்கூடிய இடங்களிலெல்லாம் 'பேசுகிறவர்' என்று தம்மைப் படர்க்கையில் வைத்துச் சொல்லியும், 'கே' என்னும் ஓர் எழுத்தால் தம்மைக் குறித்தும் வந்தார். தகப்பனும் ஊரும் சங்கமும் தந்த பெயர்களையெல்லாம் கடந்து நிற்க முயன்றவர். ஆயினும், பிறர் தம்மைச் சுட்டிப் பேசுவதற்கு ஓர் எழுத்தையாவது விட்டுவைக்க வேண்டியிருந்தது.

மேனாட்டாரின் இந்த மயக்கம் இன்று நம்முடைய பாஸ்போர்ட்டிலும் புகுந்துவிட்டது. குலப்பெயர் ஒரு கட்டத்திலும் இட்ட பெயர் மற்றொரு கட்டத்திலுமாக எழுதச் சொல்லுகிற அந்தக் காகிதத்தில் தெலுங்கர் வீட்டுப்பெயரை எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். பெயரின் முன்னும் பின்னும் இடம் மாறுவது ஒன்றுதான் அவருக்கு நேரும் இடைஞ்சல். தமிழரோ முன்னெழுத்தை விரித்துத் தகப்பனாரைக் குலப்பெயராக்கிவிட்டுக் கப்பலோ விமானமோ ஏறுகிறார். போன தேசத்தில் ஆசிரியரும் அதிகாரியும் வைத்தியரும் அவருடைய தகப்பனாரையே விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். மலேசியாவில் குடியேறிய தமிழர் இதற்கு வேறு வழி கண்டனர். இன்னாருடைய ஆண்பிள்ளை என்று பொருள்படும் மலாய்த் தொடரின் சுருக்கத்தைத் தம் பெயருக்கும் தகப்பனார் பெயருக்கும் நடுவே நிறுத்தி, உறவை மறைக்காமல் வெளிப்படையாகவே எழுதிக்கொண்டனர்.

தன் பெயரைத் தானே சொல்லுகிற வாக்கியத்தை ஒவ்வொரு பாஷையும் எப்படி அமைக்கிறது என்று நோக்கினால், பெயர் யாருக்கு உரியது என்பதில் மனித குலம் ஒருமித்த அபிப்பிராயத்துக்கு வரவில்லை என்பது புலப்படும். ருஷ்யர், 'என்னை இன்னாரென்று அழைக்கிறார்கள்' என்பர். அழைக்கிறவர்கள் யார் என்று அங்கே சொல்லுவதில்லை, ஊரார் எல்லோரும் என்று கொள்ள வேண்டியதுதான். பிரெஞ்சுக்காரர், தம்மைத் தாமே அழைத்துக்கொள்வதாக வாக்கியம் அமைப்பர். ஜெர்மானியருக்கு, இன்ன பெயர் உடையவனாயிருத்தல் என்னும் பொருளுக்கென்றே தனியாக ஒரு வினைச்சொல் இருக்கிறது. பழைய லத்தீனில் 'எனக்குப் பெயர்' என்று நான்காம் வேற்றுமை வரும். சொல்லப்படும் பெயருங்கூடப் பல இடங்களில் அந்த வேற்றுமையையே பூண்டு நிற்கும். ஜப்பானியர் முதல் சந்திப்பில் 'இன்னாரென்று சொல்லிக்கொள்கிறேன்' என்று தம் பெயரைப் பணிவோடு முன்வைப்பர். மலாய்க்காரர், நாம் 'என்ன' என்று கேட்குமிடத்தில், 'யார்' என்று கேட்பர். நமக்குப் பெயர் அஃறிணை, அவர்களுக்கு அது ஆளினின்றும் வேறல்ல போலும்!

தமிழிலும் தெலுங்கிலும் இந்த வாக்கியத்துக்கு வினையே வேண்டுவதில்லை. 'என் பேர் கந்தசாமி' என்றும் 'நா பேரு வெங்கடேசுலு' என்றும் இரண்டு பெயர்ச்சொற்களை அருகருகே நிறுத்திவிட்டால் போதும். 'பெயர்' என்பதும் 'பேரு' என்பதுங்கூட ஒரே சொல்லின் இரண்டு உச்சரிப்புகளே. ஆனால் பிறரைப் பற்றிப் பேசத் தொடங்கியவுடன் இரண்டு பாஷைகளும் சொல்லுதல் என்னும் வினையைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுகின்றன. தமிழில் 'கந்தசாமி என்பவர்' என்கிறோம். தெலுங்கில் 'வெங்கடேசுலு அனே ஆயன' என்கிறார்கள். கந்தசாமி என்று சொல்லப்படுகிறவர், வெங்கடேசுலு என்கிற அவர் என்பதே இரண்டின் அமைப்பும். தன்னைச் சொல்லும்போது உடைமையைப்போல் ஒலிக்கிற பெயர், பிறரைச் சொல்லும்போது நாலுபேர் வாய்மொழியாக மாறிவிடுகிறது. கல்வெட்டுத் தமிழ் ஒருவருக்கு வழங்கிய இரண்டு பெயர்களை 'ஆன' என்னும் ஒரு சொல்லால் இணைத்து, இரண்டையும் மெய்யென்றே ஒப்புக்கொண்டது. திருமலைக் கோயிலுக்கு வெள்ளித் திருமேனி ஒன்றை வழங்கிய பல்லவர் குலத்துப் பெருமாட்டியும் சாமவை என்றும் காடவன் பெருந்தேவி என்றும் இரு பெயரோடுதான் கல்லில் நிற்கிறாள். அவள் கொடுத்த திருமேனியை அந்தச் சாசனம் மணவாளப் பெருமாள் என்றது. இன்று அதே மூர்த்தியைப் போக ஸ்ரீநிவாசர் என்கிறோம்.

வடவேங்கடத்தைத் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கெல்லையாக வைத்துப் பாயிரம் பெற்ற தொல்காப்பியம், வேற்றுமைகளை எண்ணும்போது முதலில் பெயரையும் கடைசியில் விளியையும் வைக்கிறது. விளிக்கென்று விளிமரபு என ஒரு தனி இயலையே ஒதுக்கி, எந்த ஈற்றுச் சொல் அழைக்கும்போது எப்படித் திரியும் என்று விரித்துரைக்கிறது. வடமொழி இலக்கணத்தாரோ விளியைத் தனி வேற்றுமையாக எண்ணாமல் முதல் வேற்றுமைக்குள்ளேயே அடக்கினர். தெலுங்கு இலக்கணம் அந்த வழியைத் தழுவியது. ஆகவே தெலுங்குப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் வேற்றுமைப் பட்டியலில் அது கடைசியில் வந்து நின்றாலும், 'சம்போதன பிரதமா' என்று முதல் வேற்றுமையின் பெயரையே தாங்கி நிற்கிறது. சித்தூரில் தமிழ் படிக்கிற பிள்ளையும் தெலுங்கு படிக்கிற பிள்ளையும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பாடத்தை உருப்போட்டால், ஒருவன் பெயருக்கும் அழைப்புக்கும் நடுவே ஆறு வேற்றுமைகளின் தூரம் இருப்பதாகவும், மற்றவன் அழைப்பு என்பது பெயரின் இன்னொரு நிலைதான் என்றும் கற்றுக்கொள்ளுவார்கள். இரண்டும் உண்மையென்றே தோன்றுகிறது. பெயர் ஏட்டில் எழுதப்பட்டுத் தனியே கிடக்கும்போது தமிழ் இலக்கணம் சொல்லுவது சரி. யாரோ ஒருவர் அதனை உரக்கச் சொல்லி, இன்னொருவர் திரும்பிப் பார்க்கும்போது தெலுங்கு இலக்கணம் சொல்லுவது சரி.

உலக வாழ்விலோ பெயரை வாய்விட்டுச் சொல்லாமலே காரியம் நடத்துகிற சாமர்த்தியம் இரண்டு ஜனங்களுக்கும் பொது. புதிய மனிதரைக் கண்டால் முதல் கேள்வி பெயரைப் பற்றியதன்று. 'எந்த ஊரு நீங்க?' என்பதோ 'ஏ ஊரு மீதி?' என்பதோதான் அது. கடைத்தெருவில் யாரையும் அண்ணா என்றும் அக்கா என்றும் அழைத்துவிடலாம். தெலுங்கில் 'அன்னா' என்று ஒரு மெல்லெழுத்து மாறும், அவ்வளவே. கணவன் பெயரைச் சொல்லாத மனைவியர் தமிழில் 'என்னங்க' என்றும் தெலுங்கில் 'ஏமண்டி' என்றும் அழைத்தே ஆயுளைக் கழித்தனர். சர்க்கார் குமாஸ்தா பெயர் கேட்டால் பக்கத்திலிருக்கும் பிள்ளையைச் சொல்லச் சொல்லுவதும், மலைமேல் இருக்கிற சாமியின் பேர் என்று குறிப்பால் உணர்த்துவதும் அந்தத் தலைமுறைக்குச் சகஜம்.

அந்தச் சாமிக்கே பெயர் ஒன்றாக இல்லை. கல்வெட்டுகளில் அவர் திருவேங்கடமுடையான். தமிழர் வாயில் பெருமாள், ஏழுமலையான், தெலுங்கர் வாயில் வெங்கடேஸ்வர சுவாமி, வெங்கடரமணர், ஏடுகொண்டலவாடு, கன்னடியருக்குத் திம்மப்பன், வடநாட்டாருக்குப் பாலாஜி. ஏழுமலையான் என்பதும் ஏடுகொண்டலவாடு என்பதும் சொல்லுக்குச் சொல் ஒன்றே. ஊரில் ஒரு நாட்டாண்மைக்காரரைக் குறிப்பதற்குக்கூட மரியாதைப் பன்மை தேடுகிற இரண்டு பாஷைகளும், ஏழு மலைக்கு உடையவரை 'ஆன்' என்றும் 'வாடு' என்றும் ஒருமையில் சொல்லிவிட்டு அதிலேயே நெருக்கம் காண்பதும் கவனிக்கத்தக்கது. மலையின் பெயரே பின்பு மனிதருக்கும் பெயராயிற்று. தமிழ்ப் பிள்ளைக்கு ஏழுமலை என்றும் தெலுங்குப் பிள்ளைக்கு ஏடுகொண்டலு என்றும் இடுகிறார்கள். அர்ச்சனைக்குப் போனால், தமிழ்நாட்டுக் கோயில்களில் அர்ச்சகர் கேட்டுப் பழகியது பேரும் நட்சத்திரமும். ஆந்திர தேசத்தில் கேட்பது கோத்திர நாமங்கள். இன்ன ரிஷியின் வழியில் வந்தவன் என்றோ, இன்ன நாளில் பிறந்தவன் என்றோ ஏதேனும் ஒரு பற்றுக்கோடு காட்டினாலன்றிப் பக்தனுடைய பெயர் சந்நிதிக்குள் செல்லுவதில்லை.

பெயர் அழைப்பிலிருந்தே பிறக்கிறது என்பதற்கு அந்த மலையில் வழங்கும் ஐதிகம் ஒன்றைச் சாட்சியாகக் கூறலாம். ராமாநுஜருக்கு மாதுலரும் ஆசாரியருமான திருமலை நம்பி, பாபநாச தீர்த்தத்திலிருந்து பெருமாளின் திருமஞ்சனத்துக்குத் தினந்தோறும் நீர் சுமந்து வருவாராம். ஒருநாள் வழியில் வேடச்சிறுவன் ஒருவன் எதிர்ப்பட்டு, 'தாதா' என்று அழைத்துத் தாகத்துக்கு நீர் கேட்டானாம். கேட்டவன் பெருமாளே என்பது பின்னர் தெரிந்ததாம். அன்று முதல் அவருடைய வமிசத்தாருக்குத் தாதாசாரியர் என்னும் பெயர் நிலைத்தது என்பர். ஐதிகத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். ஆனால் ஒரு குலம் தனக்குப் பெயர் வந்த காரணத்தைக் கூறுகையில், தன் முன்னோர் ஆண்ட நாட்டையோ வென்ற யுத்தத்தையோ சொல்லாமல், தாகத்தோடு வந்த ஒரு சிறுவன் தங்கள் பாட்டனை அழைத்த சொல்லையே பெருமையாகக் கூறுகிறது என்பது சாதாரணமான விஷயம் அன்று.

கர்ப்பக்கிருகத்து வாயிற்படிக்கு வழங்கும் பெயரும் இத்தகையதே. அந்தக் கோயிலில் ஒரு படியாகவேனும் கிடக்க வேண்டுமென்று பாடிய குலசேகர ஆழ்வாரின் பெயரால் அதனைக் குலசேகரப் படி என்கிறார்கள்; தெலுங்கு பேசுகிற அர்ச்சகரும் அதே பெயரைத்தான் சொல்லுகிறார். அந்த ஆழ்வார் சேரநாட்டு அரசராயிருந்தவர். அவருடைய ராஜ்யத்தின் எல்லைகளைச் சரித்திரக்காரர்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்க, அவருடைய பெயரோ வேற்று நாட்டு மலை ஒன்றில், வேற்றுப் பாஷை பேசுகிறவர்களின் நாவில், ஒரு கருங்கல்லின் பெயராக வாழ்கிறது.

பாட்டின் இறுதியில் கவி தன்னைச் சொல்லிக்கொள்ளும் முறையிலும் இரண்டு மனோபாவங்கள் உண்டு. ஆழ்வார்கள் பதிகத்தின் கடைசிப் பாசுரத்தில் தங்களைப் படர்க்கையில் அறிமுகம் செய்துகொள்ளுவர். குருகூர்ச் சடகோபன் என்று ஒருவரும், பட்டர்பிரான் கோதை என்று ஒருத்தியும் தம்மைத் தாமே வேறொருவரைப்போல் நின்று சுட்டுவர். ஊரும் பெயரும் ஒன்று. தகப்பனாரும் பெயரும் மற்றொன்று. இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட இரண்டு முறைகளும் அங்கேயே, அவ்வளவு பழங்காலத்திலேயே, தமிழுக்குள்ளேயே அடுத்தடுத்து இருக்கின்றன. 15ஆம் நூற்றாண்டில் மலைமேல் தெலுங்கில் பல்லாயிரம் சங்கீர்த்தனங்களைப் பாடியவரும், தாள்ளபாக்கம் என்னும் ஊரை வீட்டுப்பெயராக உடையவருமான அன்னமாசாரியரோ தம் பெயரை முத்திரையாக வைக்கவில்லை. வெங்கடேசன் என்றும் வெங்கடாத்திரி என்றும் ஏதோ ஒரு வகையில் தம் ஸ்வாமியின் பெயரையே வைத்து முடித்தார். செப்பேடுகளில் பொறித்துக் கோயிலிலேயே வைக்கப்பட்டிருந்த அந்தப் பாடல்களில் பாடினவரைக் கண்டுகொள்ள வேண்டுமானால், பாடப்பட்டவரின் பெயரைத்தான் தேட வேண்டும்.

அதிகாலையில் திருப்பதி விழித்துக்கொள்ளுகிற சுப்ரபாதமோ முன்னெழுத்துகளின் ரகசியங்கள் பலவற்றை ஒன்றுசேர்த்து வைத்திருக்கிறது. அதனை இயற்றியவர் மணவாள மாமுனிகளின் சீடரான பிரதிவாதி பயங்கரம் அண்ணன். எதிர்வாதம் செய்கிறவர்களுக்குப் பயங்கரமானவர் என்று பாண்டித்தியத்தை மெச்சி அளித்த விருது, நாளடைவில் அவர் வழிவந்த குடும்பங்களுக்கு வீட்டுப்பெயராயிற்று. காக்கிநாடாவில் 1930இல் பிறந்து, தமிழ்ச் சினிமாவில் மென்மைக்கே இலக்கணமாகப் பாடிய பி.பி. ஸ்ரீநிவாஸின் இரண்டு 'பி'க்களும் அந்தப் பிரதிவாதி பயங்கரமே என்பதை அறிந்தால், அவருடைய குரலைக் கேட்டவர்கள் யாரும் புன்னகை செய்யாதிருக்க முடியாது. அதே சுப்ரபாதத்தை 1963இல் இசைத்தட்டாக வெளிவந்த தம் பாட்டினால் வீடுதோறும் கொண்டுசேர்த்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரிலோ, முதலெழுத்து மதுரை. இரண்டாவது எழுத்து அவருடைய தாயாரான வீணை வித்துஷி சண்முகவடிவு. முன்னெழுத்து என்றால் தகப்பனார் என்னும் தமிழ் நியதிக்கும் வீடு என்னும் தெலுங்கு நியதிக்கும் இரண்டுக்கும் கட்டுப்படாமல், ஊரும் தாயுமாக நிற்கிற அந்த இரண்டு எழுத்துகளே தென்னாட்டில் எல்லாரும் விரித்துக் கேட்காமலே ஏற்றுக்கொண்ட எழுத்துகளாக ஆயின. கலைஞர்களுக்கு ஊர்ப்பெயர் ஒட்டுவதிலும் இதே தாராளம்தான். காஞ்சீபுரம் நயினாப் பிள்ளையிடம் பயின்ற சுப்பிரமணிய பிள்ளைக்கும், ரேபல்லேயில் பிறந்த நடிகர் நாகையாவுக்கும் சித்தூர் என்னும் ஒரே அடைமொழி வாய்த்தது. எங்கே பிறந்தார்கள் என்பதைவிட, எந்த ஊரார் அவர்களைத் தம்மவர் என்று சொல்லிக்கொண்டார்கள் என்பதே அந்தப் பெயர்களில் முதன்மை பெற்றது.

இத்தனை உதாரணங்களையும் ஒருசேர நோக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: பெயரை ஒருவனுடைய உடைமை என்று கருதுவது, சர்க்கார் காகிதங்களுக்கு உதவுகிற ஒரு சௌகரியமேயன்றி உண்மையாகாது. அது ஒருவனுக்கும் அவனை அழைக்கிறவர்களுக்கும் நடுவே இருக்கிற சம்பந்தம். ஆகையினால்தான் அழைக்கிறவர் மாறும்போது அதுவும் சிறிது மாறுகிறது. மாறுவதனால் குறைந்துபோவதும் இல்லை. பாலாஜி என்னும் பெயரைக் கேட்டு, இது பழைய பெயர் அன்றே என்று குறைபடுகிற தமிழர்களும், தம் வீட்டுப்பெயரை வெறும் எழுத்தாகக் கண்டு தகப்பனார் பெயர் என்று தமிழர் எண்ணிவிடுகிறார்களே என்று அலுத்துக்கொள்ளுகிற தெலுங்கர்களும், ஒரு பெயருக்கு ஒரே சொந்தக்காரர்தான் இருக்க முடியும் என்று நினைக்கிறார்கள்.

நிலத்தின் விஷயம் வேறு. ஓர் ஊர் இரண்டு ராஜ்யங்களில் இருக்க முடியாது. 1911வரையில் வடஆற்காட்டைச் சேர்ந்திருந்த திருப்பதி அதன்பின் சித்தூர் ஜில்லாவிலும், 1953 அக்டோபர் 1ஆம் தேதி முதல் ஆந்திர ராஜ்யத்திலும் அடங்கி, 2022 ஏப்ரலில் தன் பெயராலேயே ஒரு ஜில்லாவின் தலைநகராயிற்று. வடக்கெல்லைக் கிளர்ச்சியை நடத்திய ம.பொ.சி., தம் முன்னெழுத்துகளில் மயிலாப்பூரையும் தகப்பனார் பொன்னுசாமியையும் தமிழ் முறைக்குப் பொருந்தத் தாங்கியவர், வேங்கடம் தமிழருக்கே உரியது என்று வாதாடினார். ஆந்திரர்களும் தம் கட்சியை அதே உறுதியோடு வாதாடினர். முடிவில், மத்தியஸ்தரான படாஸ்கர் வகுத்த ஏற்பாட்டையொட்டி, 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே தங்கியது. அன்று உபராஷ்டிரபதியாக இருந்த ராதாகிருஷ்ணனின் பிறந்த ஊர் அவ்வாறு ஒரு ராஜ்யத்திலும், பெயரிலுள்ள ஊர் வேறொரு ராஜ்யத்திலுமாகப் பிரிந்தன. அவருடைய 'எஸ்' அதனால் இடம் பெயரவில்லை. கோடு கிழித்தவர்கள் தங்களால் இயன்றவரையில் நியாயமாகவே கிழித்தார்கள். கிழித்த பின்பும், திருத்தணிக்காரர் தெலுங்கில் அழைத்தவருக்கும் திருப்பதிக்காரர் தமிழில் அழைத்தவருக்கும் திரும்பிப் பார்த்து 'ஏன்' என்று கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டுமென்று அந்தச் சீமையில் யாருக்கும் தோன்றியதாகவும் தெரியவில்லை.